சகலை பார்த்து வந்த விமானம்

விமானத்தின் வயிற்றுக்குள் தலையை நுழைத்து வேலை பார்க்கிறவர்கள் எல்லோரிடமும் ஒரு டார்ச் லைட் இருக்கும். அவர் மட்டும் அதைக் கல்யாண வீட்டுக்கும் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போவார். "மாப்பிள்ளைக்கு எங்கயாவது ஆயில் லீக் ஆகுதான்னு பார்க்கப் போறாரு" என்று யாரோ சொல்லிவைக்க, அன்றிலிருந்து அவருக்கு டார்ச் என்றே பெயர் நின்றுவிட்டது. விமானப் படைத் தளத்தின் எஞ்சின் கொட்டகையில் அவர் மூத்த மெக்கானிக். ஆள் ஒல்லி. பேச்சு குறைவு. கோபம் வந்தால் அதுவும் நின்றுவிடும்.

அதே கொட்டகையில் வேலை பார்த்த இன்னொருவருக்கு மைக் என்று பெயர். நட்டு முடுக்கும்போதும் ஆயிரம் பேருக்கு முன்னால் நிற்பதுபோலப் பேசிக்கொண்டே முடுக்குவார். இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். டார்ச் ஒரு வீட்டின் மூத்த பெண்ணைக் கட்டினார். இளைய பெண்ணுக்கு வரன் தேடியபோது, "எங்ககூட ஒருத்தர் வேலை பாக்கறாரு, கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது" என்று மாமனாரிடம் போய்ச் சொன்னவரும் டார்ச்தான். அப்படித்தான் மைக் அவருக்குச் சகலை ஆனார். பிற்பாடு அந்த நாளை நினைத்துத் தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போல டார்ச்சுக்கு எத்தனையோ தடவை இருந்திருக்கிறது.

ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேரைத் தராசில் வைத்துப் பார்க்காத மாமனார் வீடு கிடையாது. மைக் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீடு கலகலக்கும். டார்ச் வந்தால், "வாங்க மாப்பிள்ள, ஃபேன் ஒரு மாதிரி சத்தம் போடுது, என்னன்னு பாருங்க" என்பார் மாமனார். மைக்குக்கு நாற்காலி. டார்ச்சுக்கு ஸ்டூல், அதுவும் ஏறி நிற்பதற்கு. வீடு திரும்பும் வழியெல்லாம் டார்ச் பேசமாட்டார். அவர் மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸ். நாடி பிடிக்காமலே அவருடைய நோயைச் சொல்லிவிடுவாள். "தங்கச்சி புருஷன் சிரிச்சா உங்களுக்கு ஏங்க பல் வலிக்குது?" என்று கேட்பாள். அவர் பைக்கை இன்னும் வேகமாக ஓட்டுவார்.

தளத்தில் இருந்த போர் விமானங்கள் வயதானவை. அவற்றுக்குச் சண்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். காலைக் குளிரில் சண்டி சுலபமாகக் கிளம்பாது. இருமும், புகை விடும், இரண்டு மூன்று தடவை கெஞ்சவைக்கும். கிளம்பிவிட்டால் கழுகுதான். சண்டியைக் கிளப்புவதில் டார்ச்சை மிஞ்ச ஆளில்லை என்று கொட்டகையில் பேசிக்கொள்வார்கள். அவர் மறுத்ததில்லை. உலகத்தில் மைக்கிடம் இல்லாமல் தன்னிடம் இருந்த ஒரே சொத்து அதுதான் என்று அவர் நினைத்திருந்தார்.

அப்போதுதான் அரசாங்கம் புது விமானம் வாங்கப்போகிறது என்று செய்தி வந்தது.

இரண்டு நாடுகள் விற்க வந்தன. ஒன்றில் ஒரு எஞ்சின், மற்றதில் இரண்டு. கொட்டகையில் அவற்றின் நீளமான பெயர்கள் யார் வாயிலும் நிற்கவில்லை. ஒத்தை, இரட்டை என்று சொல்லிக்கொண்டார்கள். இரட்டை ரொம்ப தூரம் போகும், நிறையச் சுமக்கும், விலையும் அதற்குத் தகுந்தாற்போல். ஆனால் அதன் எஞ்சின் பழுதானால் பெட்டியில் போட்டு முத்திரை வைத்து விற்றவர்களுக்கே அனுப்ப வேண்டும். நம் ஆள் ஸ்பேனரை வைத்தால் ஒப்பந்தம் போயிற்று. ஒத்தை அவ்வளவு பெரிய சூரன் இல்லை. ஆனால் அதைப் பிரித்து மாட்டும் வித்தையை இங்கேயே கற்றுக்கொடுப்பதாக அந்த நாடு சொன்னது. தளபதிக்கு இரட்டை மேல் கண். ஊர் எம்.பி.க்கு ஒத்தை மேல் கண், ஏனென்றால் அதற்கான பட்டறை அவர் தொகுதியில் வரும். நிதி அமைச்சகத்துக்கு இரண்டின் மேலும் கண் இல்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் அரைகுறையாக நின்ற மருத்துவமனைக் கட்டடங்களின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒன்று டார்ச்சின் மனைவி வேலை பார்த்த மருத்துவமனை. அஸ்திவாரம் போட்டு, தூண் எழுப்பி, அப்படியே விட்டிருந்தார்கள். பழைய வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு நோயாளி.

இரண்டு விமானத்தையும் நேரில் பார்த்துவர ஒரு குழு வெளிநாடு போவதாக ஏற்பாடு. விமானிகள், பொறியாளர்கள், கூடவே கொட்டகையிலிருந்து ஒரு மெக்கானிக். அந்த ஒருவர் யார் என்பதில் டார்ச்சுக்குச் சந்தேகமே இல்லை. கோட்டு தைக்க நல்ல டெய்லர் யார் என்றுகூட விசாரித்து வைத்திருந்தார்.

அதிகாரி அறைக்குக் கூப்பிட்டபோது மைக்கும் அங்கே நின்றிருந்தார்.

"சகலைங்க ரெண்டு பேரையும் ஒண்ணாவே கூப்பிட்டேன்" என்றார் அதிகாரி. "மைக்தான் போறாரு. நாலு பேரு முன்னாடி கேள்வி கேக்கத் தெரிஞ்ச ஆள் வேணும்னு மேல சொல்லிட்டாங்க. டார்ச், நீங்க இல்லாம இங்க சண்டி கிளம்பாது. புரிஞ்சுக்குவீங்க."

"நல்லதுங்க" என்றார் டார்ச். மைக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மைக் வலியில் முகம் சுளிக்கும்வரை விடவில்லை.

அன்று மாலையே மனைவியின் தங்கை வீட்டுக்கு வந்தாள். "அக்கா, எங்ககிட்ட இருக்கற பெட்டி எல்லாம் சின்னது. மாமாவோட பெரிய பெட்டியக் கொஞ்ச நாளைக்குக் குடேன்."

டார்ச் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவர் எங்கேயும் போகவில்லையே. பெட்டி போயிற்று. கைப்பிடியில் அவர் கட்டியிருந்த சிவப்பு ரிப்பனோடு, அவரில்லாமல், கடல் தாண்டிப் போயிற்று.

திரும்பி வந்தபோது அதன்மேல் விமான நிலைய ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்தன. டார்ச் அவற்றை பிளேடால் சுரண்டிப் பார்த்தார். பாதி வந்தது, பாதி அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

மாமனார் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. மைக் இரட்டையின் சத்தத்தை வாயாலேயே எழுப்பிக் காட்டினார். "ரெண்டு எஞ்சினும் சேர்ந்து கத்தும்போது நெஞ்சுக்குள்ள எலும்பு ஆடுது, மாமா. நிலத்துல நிக்கறவனுக்கே அப்படி!" குழந்தைகள் வாயைப் பிளந்தார்கள். மாமனார் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். டார்ச்சுக்கு ஒரு சாவிக்கொத்து வாங்கி வந்திருந்தார் மைக், குட்டி இரட்டை விமானம் தொங்குவது. "உங்க பைக் சாவிக்கு, சகல."

"ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லி டார்ச் அதைப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அது மேசை இழுப்பறையின் அடியில் போனது. வெளியே வரவே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதுநாள்வரை டார்ச்சும் இரட்டைக் கட்சிதான். ஒரு எஞ்சின் நின்றால் இன்னொன்று வீடு கொண்டுவந்து சேர்க்கும் என்று கேன்டீனில் பல தடவை சொல்லியிருக்கிறார். மைக் இரட்டையைப் பற்றிப் பேசிய அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, திங்கட்கிழமை காலை டீயோடு அவர் ஒத்தைக் கட்சி ஆகிவிட்டார்.

"அடுத்தவன் முத்திரை வெச்ச எஞ்சின மாட்டிக்கிட்டு நாம எதுக்கு? நாளைக்கு அவனுக்கும் நமக்கும் மனஸ்தாபம்னா பெட்டி திரும்பி வருமா?" என்று கேட்டார். அவ்வளவு பேசாத மனிதர் பேசியதால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது. ஒத்தையைப் பற்றி எது அச்சில் வந்தாலும் படித்தார். நாளாக ஆகச் சகலைமேல் இருந்த எரிச்சலில் முளைத்த பேச்சு உண்மையிலேயே நல்ல பேச்சாகிவிட்டது. தொழிற்சங்கத்துக்காரர்கள் காதில் விழுந்தது. அங்கிருந்து ஊர் எம்.பி. காதுக்குப் போயிற்று. விமானக் கொள்முதலை விசாரிக்க நாடாளுமன்றக் குழு உட்கார்ந்தபோது, "எங்க ஊர்ல ஒரு மெக்கானிக் இருக்காரு, அவரையும் கேளுங்க" என்று எம்.பி. சொல்லிவிட்டார்.

டார்ச் அந்த டெய்லரிடமே போய்க் கோட்டு தைத்துக்கொண்டார்.

குழு கூடிய அறையில் வளைவான ஒரு மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், சுவரோரம் பத்திரிகைக்காரர்கள். குழுத் தலைவி முன்பு டாக்டராக இருந்தவர். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுவார். முன் வரிசையில் தளபதி. சாட்சிகளுக்கான நாற்காலியில் முதலில் மைக்கைக் கூப்பிட்டார்கள். மைக் இரட்டையைத் தூக்கிவைத்துப் பேசுவார், அப்புறம் நாம் அதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போடலாம் என்று டார்ச் காத்திருந்தார்.

தலைவி கேட்டார். "ரெண்டையும் பாத்துட்டு வந்திருக்கீங்க. உங்க கையில விட்டா எத வாங்குவீங்க?"

மைக் தளபதியை ஒரு தடவை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒத்த எஞ்சின் விமானத்தைத்தாம்மா வாங்குவேன். இரட்டை பாக்கறதுக்கு ராஜா. ஆனா அத நாம தொட முடியாது. பழுதானா அனுப்பிட்டு உக்காந்திருக்கணும். என் ரிப்போர்ட்லயும் அதைத்தான் சொல்லியிருக்கேன்."

அறையில் சலசலப்பு. தளபதியின் கழுத்து சிவந்தது. மைக் மேலே மேலே சொன்னார். முத்திரை, பெட்டி, மனஸ்தாபம் வந்தால் என்ன கதி, இங்கேயே கற்றுக்கொள்வதால் என்ன லாபம் என்று டார்ச் மனப்பாடம் செய்து வைத்திருந்த ஒவ்வொன்றும் சகலையின் வாயிலிருந்து இன்னும் அழகாக வந்து விழுந்தது. எதைத்தான் வாங்கலாம் என்று நினைக்கிறீர்கள் என்று இத்தனை மாதத்தில் டார்ச் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

டார்ச்சைக் கூப்பிட்டார்கள். புதுக் கோட்டின் கழுத்து அறுத்தது. நாற்காலி இன்னும் மைக்கின் சூட்டோடு இருந்தது.

"நீங்களும் அதைத்தானே சொல்லப்போறீங்க?" என்று தலைவி சிரித்தபடி கேட்டார்.

அந்த "நீங்களும்" அவரை எங்கேயோ குத்தியது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லி எழுந்திருந்தால் போதும். எம்.பி.க்கும் அதுதான் வேண்டும், நாட்டுக்கும் அதுதான் நல்லது. ஆனால் மாமனார் வீட்டில் மறுபடியும் ஸ்டூல்மேல் ஏறி நிற்பதுபோல அவருக்கு இருந்தது.

"இல்லம்மா" என்றார். "புதுசு எதுக்கு இப்ப? எங்ககிட்ட இருக்கற விமானத்துக்கு என்ன குறை? வயசாச்சு, அவ்வளவுதான். ஸ்பேர் பார்ட்ஸ் மட்டும் குடுங்க. இன்னும் எத்தன வருஷம் வேணாலும் நான் ஓட வெச்சுக் காட்டறேன்."

எம்.பி. தலையில் கை வைத்தார். சுவரோரம் பேனாக்கள் ஓடின. நிதி அமைச்சகத்திலிருந்து வந்து ஒரு மூலையில் தூங்கி வழிந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் டார்ச்சின் போட்டோ. "பழைய விமானங்களே போதும்: மூத்த மெக்கானிக் உறுதி." ஒத்தையா இரட்டையா என்று அடித்துக்கொண்டிருந்த இரண்டு பக்கத்தையும் சமாளிக்க வழி தேடிய அரசாங்கத்துக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல் ஆயிற்று. கொள்முதல் தள்ளிவைக்கப்பட்டது. மிச்சமானதில் ஒரு பங்கு பாதியில் நின்ற மருத்துவமனைகளுக்கு என்று அறிவித்தார்கள். தளத்துக்கு வந்த அமைச்சர் டார்ச்சின் தோளைத் தட்டினார். மாமனார் வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்காலி அவருக்குத்தான்.

மைக் அன்று வரவில்லை. மறுநாள் கொட்டகையில் மூன்றாம் வரிசை விமானத்துக்கு அடியில் டார்ச்சைத் தனியாகப் பிடித்தார்.

"தளபதி முன்னாடியே உக்காந்து அவருக்குப் பிடிக்காததச் சொன்னேன், சகல" என்றார். குரல் வழக்கம்போல உயரவில்லை. "வேல போனாலும் போகட்டும்னு சொன்னேன். முந்தின ராத்திரி பூராத் தூங்கல. பேப்பர்ல யாரு போட்டோ வந்துச்சு?"

டார்ச் கையில் இருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார்.

"மாமாகூட அத வெட்டி அலமாரியில ஒட்டி வெச்சிருக்காராம். என் பொண்ணு வந்து சொல்றா, பெரியப்பா ஃபேமஸ் ஆயிட்டாருன்னு. எனக்கு எப்படி இருக்கும்?"

எப்படி இருக்கும் என்று டார்ச்சுக்கு நன்றாகவே தெரியும். அதுதான் இனித்தது. இத்தனை வருடம் தன் வயிற்றில் எரிந்தது இப்போது சகலையின் கண்ணில் எரிவதை அவர் நின்று நிதானமாகப் பார்த்தார். பிறகு, "ஸ்பேனர எடுங்க, வேல கிடக்கு" என்றார்.

அதன்பின் இரண்டு பேரும் ஒரே எஞ்சினின் இரண்டு பக்கத்தில் நின்று வேலை செய்வார்கள். தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார்கள். அக்காவும் தங்கையும் மட்டும் வழக்கம்போலப் போனில் பேசிக்கொண்டார்கள். "ரெண்டு பேருக்கும் மூஞ்சி எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியலடி" என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

மருத்துவமனையின் புதுக் கட்டடம் எழுந்தது. ஆளுக்கொரு கட்டில், முதுகெலும்பு சிகிச்சைக்குத் தனி வார்டு, லிப்ட். "உங்க வாய்க்கு ஒரு நாளாவது இப்படி ஒரு புண்ணியம் கிடைச்சுதே" என்று மனைவி மெச்சிக்கொண்டாள். கூட வேலை பார்க்கிற நர்ஸ்களிடம், "எங்க வீட்டுக்காரர்தான்" என்பாளாம்.

ஆனால் ஸ்பேர் பார்ட்ஸ் மட்டும் வரவில்லை. வருகிறது, கப்பலில் இருக்கிறது, அந்தக் கம்பெனி அதைச் செய்வதையே நிறுத்திவிட்டது என்று ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு கதை. டார்ச் ஒரு சண்டியைப் பிரித்து இன்னொரு சண்டிக்கு மாட்டினார். கொட்டகையின் பின்புறம் கண்ணில்லாமல், காலில்லாமல் விமானங்கள் நின்றன. பறக்கிறவை குறைந்துகொண்டே வந்தன. ஓட்டிக் காட்டுகிறேன் என்று ஊரறியச் சொன்ன வாய். இனி முடியாது என்று அதே வாயால் சொல்வது எப்படி? அதுவும் சகலை எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது?

ஒருநாள் மைக்தான் வாயைத் திறந்தார். "சகல, எஞ்சினுக்குள்ள சுத்தற இந்த பிளேடுங்க ஆயுசு தாண்டிப் போயிட்டு இருக்கு. மேல எழுதிப் போடுவோம்."

"மேல கேட்டாச்சு. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்னு அனுமதி குடுத்திருக்காங்க."

"அனுமதி குடுத்தவங்க உங்க பேச்ச நம்பித்தான் குடுத்திருக்காங்க."

"உங்க பேச்ச நம்பலையேன்னு வருத்தமா?" என்றார் டார்ச். மைக் ஸ்பேனரை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அந்த ஆண்டு தளத்துக்குப் புதிதாக ஒரு பெண் விமானி வந்திருந்தாள். சின்ன மேடம் என்று கூப்பிட்டார்கள். விமானத்தில் ஏறும் முன், "டார்ச் சார், இன்னிக்குச் சண்டி என்ன மூட்ல இருக்கு?" என்று கேட்காமல் ஏறமாட்டாள். "சிரிச்ச முகமா இருக்கு மேடம்" என்பார் அவர். அவள் எழும்பிப் போகும்போது ஒரு கணம் அவள்மேலும் அவருக்குப் பொறாமையாக இருக்கும். தன் கையால் பூட்டிய எஞ்சினின் மேலே உட்கார்ந்து ஒரு தடவையாவது அவர் பறந்ததில்லை.

மதியச் சாப்பாடு முடிந்த நேரம். பயிற்சி முடித்துத் திரும்பிய சண்டியின் சத்தம் ஓடுபாதையை நெருங்குகையில் சட்டென்று அறுந்தது. கொட்டகையில் எல்லோருக்கும் கை நின்றது. எஞ்சின் சத்தம் நிற்பதுபோல ஒரு பயங்கரமான அமைதி அவர்களுக்கு வேறு கிடையாது. வெளியே ஓடிவந்து பார்த்தபோது விமானம் வீடுகள் இருக்கும் பக்கத்தை விட்டு வெட்டவெளிப் பக்கமாகச் சாய்ந்தது. ரொம்பத் தாழ்வில், கடைசி நிமிடத்தில், இருக்கையோடு சின்ன மேடம் வெளியே வீசப்பட்டாள். பாராசூட் முழுதாக விரிவதற்குள் தரை வந்துவிட்டது.

உயிர் இருந்தது. முதுகெலும்பு உடைந்திருந்தது.

விசாரணையில் எஞ்சினுக்குள் ஒரு பிளேடு முறிந்ததாகக் கண்டார்கள். வயதான உலோகம். எல்லா அனுமதியும் முறைப்படி இருந்தது. யார்மீதும் தவறில்லை என்று முடித்தார்கள். யாராவது தன் பெயரைச் சொல்லித் திட்டினால் தேவலை என்று டார்ச்சுக்கு இருந்தது. யாரும் திட்டவில்லை. மைக்கும்கூட.

அவளைப் புது மருத்துவமனையின் முதுகெலும்பு வார்டில்தான் சேர்த்திருந்தார்கள். மனைவி வீட்டுக்கு வந்து சொன்னாள். "இந்தக் கட்டடம் மட்டும் இல்லைன்னா அவள எவ்வளவோ தூரம் கொண்டுபோயிருக்கணும். வழியிலயே போயிருப்பான்னு பெரிய டாக்டர் சொல்றாரு."

"கட்டடம் இல்லைன்னா புது விமானம் வந்திருக்கும்" என்றார் டார்ச். "அவ இங்க வந்து படுத்திருக்கவே மாட்டா."

மனைவி கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தாள். "போன மாசம் அதே வார்டுலருந்து ஒரு கொத்தனாரு எழுந்து நடந்து வீட்டுக்குப் போனாருங்க" என்றாள் மெதுவாக. "அவர நான் எந்தக் கணக்குல வைக்கறது?"

போகாமல் பல நாள் தட்டிக்கழித்துவிட்டு ஒரு மாலை டார்ச் சின்ன மேடத்தைப் பார்க்கப் போனார். ஜன்னலோரக் கட்டில். கழுத்துக்குக் கீழே பட்டையும் கம்பியுமாகக் கட்டியிருந்தார்கள்.

"வாங்க டார்ச் சார்" என்றாள். "சண்டிமேல கோவமா இருக்கேன்னு சொல்லுங்க."

அவர் சிரிக்க முயன்றார்.

"நாள் பூரா இந்த ஜன்னல்தான் சார். கீழ ஆளுங்க நடந்து போறதப் பாத்துக்கிட்டே கிடக்கறேன். காலையில ஒருத்தன், செருப்பு வார் அறுந்து நொண்டிக்கிட்டுப் போனான். அவனப் பாத்துக்கூடப் பொறாமையா இருந்துச்சு."

டார்ச் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தான் இத்தனை காலம் பொறாமைப்பட்டது எதற்கெல்லாம் என்று நினைத்தார். ஒரு நாற்காலி. ஒரு பெட்டி. பெட்டியின்மேல் ஒட்டிய காகிதம்.

"மேடம், அந்தக் கமிட்டியில நான்தான்..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும் சார். காலேஜ்ல படிச்சப்பவே பேப்பர்ல பாத்தேன். இப்படி ஒரு ஆள் பாத்துக்கற விமானம்னா பயமே இல்லைன்னுதான் இந்தத் தளத்தக் கேட்டு வாங்கிக்கிட்டு வந்தேன்."

அவள் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதனால்தான் அவரால் அங்கே அதற்குமேல் உட்கார முடியவில்லை. லிப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கி, கீழ்ப்படியில் உட்கார்ந்து அழுதார். யாரோ நோயாளியின் உறவுக்காரர் என்று நினைத்து ஒரு ஆள் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார்.

விபத்துக்குப் பிறகு நாடாளுமன்றக் குழு மறுபடி உட்கார்ந்தது. குழு அலுவலகத்திலிருந்து டார்ச்சுக்குப் போன் வந்தது. வந்து பேச வேண்டும், பத்திரிகைகள் அவரைத்தான் கேட்கின்றன என்றார்கள்.

"எங்க சகலையக் கூப்பிடுங்க" என்றார் அவர். "ரெண்டு விமானத்தையும் கண்ணால பாத்தவர் அவருதான். அன்னிக்கே சரியாச் சொன்னவரும் அவருதான்."

மைக் நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என்ன சகல, என்னைய மாட்டிவிடப் பாக்கறீங்களா?"

"இல்ல. போன தடவ நீங்க பேசினது விஷயம். நான் பேசினது வீம்பு. உங்க வார்த்தைக்குப் பின்னாடி நிக்கக் கூடாதுன்னு பேசினது."

மைக் வாசலிலேயே நின்றார். "உள்ள வாங்க, டீ குடிச்சுட்டுப் போங்க" என்று டார்ச்சின் மனைவிதான் இருவரையும் உள்ளே இழுத்தாள்.

குழுக் கூட்டத்தை டிவியில் காட்டினார்கள். கேன்டீனில் எல்லோரோடும் உட்கார்ந்து டார்ச் பார்த்தார். மைக் நீல நிறத்தில் ஒரு டை கட்டியிருந்தார். கேள்விகளை நிதானமாக வாங்கிப் பதில் சொன்னார். பழைய விமானங்களை நிறுத்த வேண்டும் என்று சொன்னபோது எதிர்க்கட்சி உறுப்பினரே தலையாட்டினார். "என்னமா பேசறாரு பாருங்க உங்க சகல!" என்று பக்கத்திலிருந்தவர் டார்ச்சின் தொடையில் தட்டினார். தானே அனுப்பிவைத்த ஆள்தான். சொல்வதும் சரிதான். இருந்தும் அடிவயிற்றில் அந்தப் பழைய நெருப்பு பற்றத்தான் செய்தது. அவர் எழுந்து போகவில்லை. கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார்.

அரசாங்கம் ஒத்தையை வாங்க முடிவு செய்தது. இடைப்பட்ட வருடங்களில் விலை ஏறியிருந்தது. முன்பு பேசிய எண்ணிக்கையில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வாங்க முடிந்தது. அதற்கும் பணம் பற்றாமல், நோயாளிகள் கூடியதால் மருத்துவமனையில் எழுப்பத் தொடங்கியிருந்த மேல் மாடி வேலையை நிறுத்தினார்கள். மொட்டை மாடியில் கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டு நின்றன. ஓய்வுபெற்ற தளபதி, இரட்டையைத்தான் வாங்கியிருக்க வேண்டும் என்று கட்டுரை எழுதினார். டார்ச்சின் மனைவி பணி முடிந்து வந்ததும் செருப்பை உதறிவிட்டு, "மறுபடியும் கட்டிலுக்கு ரெண்டு பேரு" என்றாள். யாரைக் குறை சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

பயிற்சிக்கு மைக் குடும்பத்தோடு வெளிநாடு போனார். டார்ச்சுக்கு வயது வரம்பு தாண்டியிருந்தது. மிச்சமிருந்த சண்டிகளிலிருந்து எண்ணெயை வடித்து, எஞ்சினை இறக்கி, வாயைத் துணியால் மூடிவைக்கும் வேலையை அவருக்குக் கொடுத்தார்கள். அவசரமில்லாமல் செய்தார். வாரம் ஒருமுறை சின்ன மேடத்தைப் பார்க்கப் போவார். அவள் சக்கர நாற்காலிக்கு வந்திருந்தாள். விமானப் படையிலேயே பயிற்சி வகுப்பு எடுக்கும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நாற்காலியின் பிரேக் இறுக்கமாக இருக்கிறது என்றாள். அவர் சரிசெய்து கொடுத்தார்.

ஒத்தைகள் வந்து இறங்கிய பிறகு ஒருநாள் அவர் புதுக் கொட்டகைப் பக்கம் போனார். தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள்; பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே அதைத் தாண்டலாம். கோட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே மைக் நான்கு பேருக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தார், அதே சத்தத்தில்.

அவரைப் பார்த்ததும் வந்தார். "ஏன் சகல அங்கயே நிக்கறீங்க?"

"எனக்குப் பாஸ் இல்லையே."

"தொடறதுக்குத்தான் பாஸ். பாக்கறதுக்கு எதுக்கு? கையக் கட்டிக்கிட்டு வந்து நில்லுங்க."

டார்ச் கையைக் கட்டிக்கொண்டு போய் நின்றார். எஞ்சினின் மூடியைத் திறந்தார்கள். சண்டியில் ஒரு நாள் முழுக்கப் பிடிக்கிற வேலை. இங்கே ஒருவர் கையை உள்ளே விட்டு, ஒரு கொக்கியைத் திருப்பி, எஞ்சினின் ஒரு பகுதியை இழுப்பறைபோல வெளியே இழுத்துவிட்டார். பிளேடுகள் வரிசையாக, கறையே இல்லாமல் நின்றன.

"நல்லா இருக்கு இல்ல?" என்றார் மைக்.

"ம்."

"சொல்லுங்க, பொறாமையா இருக்கா?" மைக் விளையாட்டாகத்தான் கேட்டார்.

டார்ச் கட்டிய கையை அவிழ்க்காமலே குனிந்து பார்த்தார். "உங்கமேல இருக்கு, எப்பவும்போல" என்றார். "ஆனா இன்னிக்கு அதவிட, இத ஓட்டப்போற பிள்ளைங்கமேல இருக்கு. அந்தப் பொண்ணுக்காக."

மைக்கின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல அடங்கியது. பயிற்சிக்காரர்கள் அடுத்து என்ன என்று கேட்டுக் காத்திருந்தார்கள். அவர் சுவரோரம் இருந்த ஒரு ஸ்டூலை இழுத்துவந்து டார்ச்சின் பக்கத்தில் போட்டார்.

"உக்காந்து பாருங்க" என்றார். பிறகு பயிற்சிக்காரர்கள் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தி, முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தார், டார்ச்சுக்கும் கேட்கும்படி.